கார்போக அரிசியும் கலிபோர்ணியா வெயிலும்

டப்ளினிலும் அயலிலும் உள்ள இந்தியப் பலசரக்குக் கடைகளுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். அரிசி மூட்டைகளையும் ஊறுகாய்ப் போத்தல்களையும் தாண்டினால் ஒரு தட்டிலே குளியல் பொடிகள் அடுக்கியிருக்கும். நலங்குமா, கஸ்தூரி மஞ்சள், பயற்றம்மா, வெட்டிவேர்த் தூள் என்று தெரிந்த பெயர்களெல்லாம் அங்கே உண்டு. நலங்குமாப் பக்கற்றைத் திருப்பி உள்ளடக்கத்தை வாசித்தால், ஆவாரம்பூவுக்கும் பூலாங்கிழங்குக்கும் பக்கத்தில் 'கார்போக அரிசி' என்ற பெயரும் சிலவற்றில் இருக்கும். பிறகு அழகுசாதனக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். சுண்டுவிரல் உயரப் போத்தல் ஒன்றில் 'பாக்குச்சியோல்' என்று எழுதியிருப்பார்கள். தாவரத்திலிருந்து எடுத்த ஒட்சியேற்ற எதிரி, சுருக்கத்தைக் குறைக்கும், தோலை எரிக்காது என்று விளம்பரம் சொல்லும்.

இரண்டும் ஒரே விதையிலிருந்து வருபவை. "அப்ப எங்கடை பொடியைத்தானே போத்தலிலை அடைச்சு விக்கிறாங்கள், பிறகேன் காசைக் குடுப்பான்?" என்று எம்மிடம் கேட்ட அக்காமார் ஒருவர் இருவரல்லர்.

நியாயமான கேள்விதான். ஆனால் போத்தலில் இருப்பது வேறு, பொடியில் இருப்பது வேறு. அது தெரியாமல் பொடியைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு டப்ளின் வெயிலில் இறங்கினால், சுருக்கம் போவதற்குப் பதிலாகத் தோல் வெந்துபோகலாம். ஆகவே இம்முறை எமது பக்கத்தை இந்த விதைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கார்போக அரிசி, பெயரில் அரிசி என்று இருந்தாலும் அரிசி அல்ல. அவரை, பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சின்னஞ்சிறு கரிய விதை. தாவரவியலார் அச்செடியைச் சோரேலியா கோரிலிபோலியா என்பர். வடமொழியில் பாகுசி, ஹிந்தியில் பாப்ச்சி. சீன வைத்தியத்திலும் இதற்கு நீண்ட காலமாக இடமுண்டு. எமது சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இதைத் தோல் நோய்களுக்கு, முக்கியமாக வெண்புள்ளிக்குப் பாவித்து வந்தார்கள். இந்த வெண்புள்ளி விடயத்தை மனதில் வைத்திருங்கள், பின்னர் அதற்கு வருவோம்.

1966ஆம் ஆண்டு, புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இவ்விதையிலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்து, பாகுசி என்ற பெயரை ஒட்டியே அதற்குப் பாக்குச்சியோல் என்று பெயரிட்டனர். அதன்பின் நாற்பது வருடங்களாக அழகுசாதன உலகம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. 2007இல்தான் நியூ ஜேர்சியைச் சேர்ந்த சைத்தியோன் என்ற கம்பனி அதைச் சுத்திகரித்து, கிறீம் தயாரிப்போருக்கு விற்கத் தொடங்கியது. பெயர் வைத்தது புனே, விலை வைத்தது நியூ ஜேர்சி.

அது தோலில் என்ன செய்கிறது? நாட்பட்ட தேங்காயெண்ணெயில் ஒரு காறல் மணம் வருமல்லவா? காற்றிலுள்ள ஒட்சிசன் எண்ணெயைத் தாக்குவதால் வருவது அது. இதைத்தான் ஒட்சியேற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எமது தோலிலும் கொழுப்பு உண்டு, புரதம் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் படும்போது தோலுக்குள் சுயாதீன மூலிகங்கள் எனப்படும் அடங்காத துணிக்கைகள் உண்டாகின்றன. அவை கொழுப்பைக் காறலாக்குவது மட்டுமன்றி, தோலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சிதையவும் வழிவகுக்கின்றன. பல வருடம் இப்படி நடந்தால் சுருக்கமும் கரும்படையும் வரும். ஒட்சியேற்ற எதிரி என்பது இந்தத் துணிக்கைகளுக்குத் தன்னையே இரையாகக் கொடுத்து அவற்றை அடக்கும் பொருள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் அத்தகையது, விற்றமின் சீயும் ஈயும் அத்தகையவை, பாக்குச்சியோலும் அத்தகையதே.

ஒட்சியேற்ற எதிரி என்று சொல்லிவிட்டால் மட்டும் அது தோலுக்கு உதவும் என்று ஆகிவிடாது. சோதனைக் குழாயில் வேலை செய்யும் எத்தனையோ பொருட்கள் தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை, அல்லது வெளிச்சம் பட்டதும் கெட்டுப்போகின்றன. குர்க்குமினே அதற்கு நல்ல உதாரணம். வெளிச்சத்தில் விரைவில் சிதையும், நீரில் எளிதில் கரையாது, போதாததற்குத் தலையணை உறையையும் மஞ்சளாக்கும். பாக்குச்சியோல் எண்ணெயில் கரையும், வெளிச்சத்தைத் தாங்கும். விற்பவர்களுக்கு அதில் ஆசை வந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

மற்றக் காரணம் ரெற்றினோல். விற்றமின் ஏயின் ஒரு வடிவமான இது, சுருக்கத்துக்குப் பூசும் பொருட்களுள் பலகாலம் ஆராயப்பட்டது. இதன் நெருங்கிய உறவான திரெற்றினொயினை வைத்தியரின் சீட்டுக்குத்தான் தருவார்கள். ஆனால் ரெற்றினோல் பூசினால் பலருக்குத் தோல் சிவந்து, எரிந்து, செதில் செதிலாக உரியும். எம்மவருக்கு இது இன்னும் பெரிய சங்கடம். மாநிறத் தோலில் சிறு எரிவு வந்தாலும், எரிவு ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். கரும்படையைப் போக்கப் போய்ப் புதுக் கரும்படை வாங்கிய கதை பல வீடுகளில் உண்டு.

இந்த இடத்தில்தான் எமது அயலில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. டேவிஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் தோல் வைத்தியத் துறையினர் சக்ரமென்டோவில் இதைச் செய்தார்கள். டப்ளினிலிருந்து நெரிசல் இல்லாத நாளில் ஒன்றரை மணித்தியாலக் கார்ப் பயணம். 44 பேரை எடுத்து இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் 0.5 வீதப் பாக்குச்சியோல் கிறீமை நாளுக்கு இருமுறை பூசினார்கள். மறு பிரிவினர் 0.5 வீத ரெற்றினோல் கிறீமை நாளுக்கு ஒருமுறை பூசினார்கள். 12 கிழமை இப்படி நடந்தது. முகத்தைப் படமெடுத்து அளந்தார்கள், எவர் எதைப் பூசுகிறார் என்று தெரியாத தோல் வைத்தியர் மதிப்பிட்டார். சுருக்கமும் கரும்படையும் இரு பிரிவிலும் குறைந்தன, இரண்டுக்குமிடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் ரெற்றினோல் பூசியவர்களே கூடுதலாகச் செதில் உரிவதாகவும் குத்துவதாகவும் முறையிட்டார்கள். ஆய்வின் முடிவு பிரித்தானியத் தோல் வைத்தியச் சஞ்சிகையின் 2019ஆம் ஆண்டு இதழில் அச்சானது.

பாக்குச்சியோல் விளம்பரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஓர் ஆய்வுதான் நிற்கிறது. நல்ல ஆய்வு, ஆனால் சிறியது. 44 பேர் என்பது ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வருகிற ஆட்கள். 12 கிழமைக்குப் பின் என்ன ஆனது என்று அது சொல்லவில்லை. மருந்தில்லாத வெறும் கிறீமை மட்டும் பூசிய மூன்றாவது பிரிவு ஒன்று இருக்கவில்லை. ஆகவே கிடைத்த பலனில் எவ்வளவு பாக்குச்சியோலினுடையது, எவ்வளவு தினமும் கிறீம் பூசித் தோலை ஈரலிப்பாக வைத்திருந்ததனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, ஒப்பிட்டது கடை ரெற்றினோலோடு. வைத்தியர் எழுதித் தரும் திரெற்றினொயினோடு அல்ல. 'ரெற்றினோலுக்கு நிகர்' என்று எழுதியிருப்பதை 'வைத்தியரின் மருந்துக்கு நிகர்' என்று வாசித்துவிட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு சொல். கர்ப்ப காலத்தில் ரெற்றினோல் வகைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாக்குச்சியோல் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்று சிலர் விற்கிறார்கள். கர்ப்பிணிகளிடம் அதை முறையாகச் சோதித்து வந்த வார்த்தை அல்ல அது. பத்து மாதம் பொறுத்திருப்பதால் ஒரு சுருக்கமும் கூடிவிடாது.

இனிப் பொடிக்கு வருவோம்.

கார்போக அரிசியில் பாக்குச்சியோல் மட்டும் இல்லை. சோராலென் என்ற பொருட்களும் உண்டு. இவை தனியே நின்றால் தோலை ஒன்றும் செய்யா. இவை தோலில் இருக்கும்போது யூவீஏ எனப்படும் புறஊதாக் கதிர் பட்டால்தான் விபரீதம். தோல் உயிரணுக்களின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் காயப்படுத்தும். தோல் சிவக்கும், கொப்பளிக்கும், பின் கறுக்கும். முன்னே சொன்ன வெண்புள்ளி வைத்தியத்தின் இரகசியமும் இதுவே. விதையைப் பூசி வெயிலில் நிறுத்தி, வெளுத்த தோலில் நிறம் ஊற வைத்தார்கள். இன்றைக்கும் வைத்தியசாலைகளில் சோராலெனையும் யூவீஏ விளக்கையும் சேர்த்துத் தோல் நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. அங்கே மருந்தையும் கதிரையும் அளந்து, சிறிது சிறிதாகக் கூட்டி, நோயாளியின் கண்ணை மறைத்துச் செய்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் எதை அளப்பது?

போத்தலில் விற்கும் பாக்குச்சியோலைத் தயாரிக்கும்போது இந்தச் சோராலென்களை அகற்றுவார்கள். காசு அந்தச் சுத்திகரிப்புக்கு. அப்படியானால் 'பாப்ச்சி ஒயில்' என்று இயற்கைப் பொருட் கடைகளில் விற்கிறார்களே, அது? அது விதையின் எண்ணெய். சோராலென் நீக்கியது என்று தெளிவாக எழுதியிருந்தாலன்றி அதைப் பாக்குச்சியோல் என்று நினைத்து முகத்தில் பூச வேண்டாம். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

நலங்குமாவைத் தூக்கி எறியச் சொல்கிறோமா? இல்லை. பல பொருட்களுள் ஒன்றாகச் சிறிதளவு கார்போக அரிசி கலந்த பொடியைத் தேய்த்துச் சில நிமிடத்தில் கழுவி விடுவது ஒன்று, விதையை மட்டும் அரைத்து முகத்தில் அரை மணித்தியாலம் காயவிடுவது இன்னொன்று. முன்னையதைக்கூட மாலைக் குளிப்போடு வைத்துக்கொண்டு நன்றாகக் கழுவிவிடுவது நல்லது. பின்னையது வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குக் கார்போக அரிசி இல்லாத பயற்றம்மாவே போதும். சுருக்கத்துக்கு என்று நலங்குமாவை நம்புவதிலும் பொருளில்லை. எண்ணெயில் கரையும் பொருள் சில நிமிடத் தேய்ப்பில் எவ்வளவு தோலில் தங்கும்? அழுக்குப் போகும், மணக்கும், சுகமாக இருக்கும். அதுவே அதன் வேலை.

வெயில் எங்கும் வெயில்தானே என்று எண்ண வேண்டாம். சன்பிரான்சிஸ்கோவை மூடும் கடற்பனி மலைகளைத் தாண்டி டப்ளினுக்கு அதிகம் வருவதில்லை. ஆனி முதல் புரட்டாதி வரை அனேகமான நாட்கள் முகிலே இல்லாத வானம். ஊரில் வெயில் என்றால் வியர்த்து வழியும், நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம். இங்கே காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்துவிடும், சுடுவது தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் முழுத் தப்பில்லை. யூவீஏ சாதாரண யன்னல் கண்ணாடியூடாக உள்ளே வரும். காரின் முன் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்தாலும், பல கார்களில் பக்கக் கண்ணாடி அவ்வளவு தடுப்பதில்லை. 580 நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வருபவர்களின் யன்னல் பக்கக் கன்னமும் கையும் மற்றப் பக்கத்தைவிடக் கறுத்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சோராலென் என்றதும் எமது அடுக்களையில் இருக்கும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தேசிக்காய். அதன் தோலில், சாற்றிலும் ஓரளவு, இதே இனப் பொருட்கள் உண்டு. முகம் வெளுக்கத் தேசிப்புளி பூசும் பழக்கம் எம்மிடையே இன்னும் போகவில்லை. வீட்டுப் பின்வளவில் தேசிக்காய் பிழிந்து சர்பத் கரைத்துவிட்டு, கழுவாத கையோடு வெயிலில் நிற்பவர்களும் உண்டு. எரிவு உடனே வராது. ஒரு நாள் கழித்து, சிலவேளை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கொப்பளிக்கும். அதற்குள் தேசிக்காய் மறந்துபோகும். பிறகு அந்த இடம் சாறு வழிந்த கோடு கோடாகக் கறுத்து, கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும்.

புதிதாக வந்த பெற்றோர் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். தேசிக்காய் பிழிந்த கையால் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்கி, பிள்ளை பிறகு வெயிலில் விளையாடினால், தோளில் ஐந்து விரல் அடையாளம் கறுப்பாக விழக்கூடும். பார்ப்பவருக்கு அடித்த அடையாளம் போலவே இருக்கும். இப்படிப்பட்ட அடையாளங்களைச் சிறுவர் துன்புறுத்தல் என்று சந்தேகித்த சம்பவங்கள் வைத்தியச் சஞ்சிகைகளில் பதிவாகியிருக்கின்றன. கலிபோர்ணியாவில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் அவ்வாறு நியாயமான சந்தேகம் வந்தால் அறிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அவர்களில் பிழையில்லை. பிள்ளைக்கு அப்படி ஒரு தடயம் கண்டால் மறைக்காதீர்கள், சட்டை போட்டு மூடி அனுப்பாதீர்கள். நீங்களே முதலில் வைத்தியரிடம் காட்டி, தேசிக்காய், வெயில் என்று நடந்ததைச் சொல்லுங்கள். தோல் வைத்தியர்களுக்கு இது நன்கு தெரிந்த விடயம்.

உள்ளே சாப்பிடுவதைப் பற்றியும் சுருக்கமாக. வெண்புள்ளிக்கென்று கார்போக அரிசியைச் சூரணமாகவும் குளிசையாகவும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். ஜேர்மனியில் வெண்புள்ளிக்காக இவ்விதை சேர்ந்த ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்ட ஒரு பெண்ணின் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 2009இல் வெளியான வைத்திய அறிக்கை ஒன்று விபரிக்கிறது. சீன மருந்தாக உட்கொண்டவர்களிடமும் ஈரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. ஊரிலிருந்து யாராவது அனுப்பினாலும், இங்குள்ள வைத்தியருக்குத் தெரியாமல் உட்கொள்ள வேண்டாம்.

சரி, யார் பாக்குச்சியோல் வாங்கலாம்? ரெற்றினோலைப் பூசி எரிவு தாங்காமல் விட்டவர்கள், மெல்லிய சுருக்கமும் சிறிய கரும்படையும் உள்ளவர்கள், கையில் மிச்சக் காசு உள்ளவர்கள். மூன்றாவது தகுதியை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாடகையும் கார்க் காப்புறுதியும் கட்டிவிட்டு மிஞ்சும் காசில் முதலில் வாங்கவேண்டியது இது அல்ல. முதலாவது வெயிற்காப்புக் கிறீம், இரண்டாவது மணமில்லாத சாதாரண ஈரலிப்புக் கிறீம். இந்த வறண்ட காற்றில் தோல் வெடிப்பதற்கும் அரிப்பதற்கும் பெரும்பாலும் இரண்டாவதே மருந்து. இந்த இரண்டும் இல்லாமல் ஒட்சியேற்ற எதிரி பூசுவது, கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைப்பது போலத்தான். துடைக்கலாம், மழை நிற்க வேண்டுமே.

வெயிற்காப்புக் கிறீம் இந்நாட்டில் அழகுசாதனமாக அல்ல, மருந்தாகக் கணிக்கப்படுகிறது. 'எஸ்பீஎப் 30' அல்லது அதற்கு மேல் என்றும், 'புரோட் ஸ்பெக்ட்ரம்' என்றும் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். யூவீஏயையும் தடுக்கும் என்பது அந்த இரண்டாவது சொல்லின் பொருள். வெயிலில் நிற்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வெள்ளையாகப் படிகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தோல் நிறம் கலந்தவற்றைத் தேடிப் பாருங்கள். அவற்றில் உள்ள இரும்பு ஒட்சைட்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு அது கூடுதல் நன்மை.

பாக்குச்சியோலும் ஏனைய கிறீம்களும் அழகுசாதனங்கள். விற்பனைக்கு வருமுன் அரசாங்கம் அவற்றைச் சோதித்து அனுமதிப்பதில்லை. 2022இன் இறுதியில் வந்த சட்டம் தயாரிப்பாளர்கள் பதிவு செய்யவும் கடுமையான பாதிப்புகளை அறிவிக்கவும் வைத்தது. ஆனாலும் போத்தலில் எழுதியிருக்கும் பலன் நிரூபிக்கப்பட்டது என்று அதற்கு அர்த்தமல்ல. வாங்குவதானால் உள்ளடக்கப் பட்டியலில் 'பாக்குச்சியோல்' என்றே பெயர் இருக்கிறதா, அளவு 0.5 வீதமளவில் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலே இல்லாத டப்பியை, எவர் கொண்டுவந்து தந்தாலும், பூச வேண்டாம். 2019இல் இதே சக்ரமென்டோவில் ஒரு பெண், மெக்சிக்கோவிலிருந்து அறிமுகமானவர் மூலம் வந்த கிறீமில் கலந்திருந்த பாதரசத்தால் மூளை பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் கிடந்தார். 'இயற்கை', 'மூலிகை' என்று எழுதுவதற்கு எவரும் வரி கட்டுவதில்லை.

வாங்கியதும் முகத்தில் பூசாமல், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பயறளவு, தொடர்ந்து நாலைந்து நாள் பூசிப் பாருங்கள். சுத்தமான பாக்குச்சியோலுக்கும் ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. ஒன்றும் வராவிட்டால் இரவில் மட்டும் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் உங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டாவது போத்தல் வாங்க வேண்டாம்.

தோல் கொப்பளித்தாலோ எரிந்தாலோ, மேலே இன்னொரு மூலிகையைப் பூசாமல் குளிர்ந்த தண்ணீரால் கழுவி, வெயில் படாமல் மூடிக்கொண்டு குடும்ப வைத்தியரைக் காணுங்கள். கார்போக அரிசி என்றால் அவருக்கு விளங்காது. சோரேலியா என்று சொல்லுங்கள், அல்லது பொடிப் பக்கற்றையே கையோடு கொண்டுபோங்கள். ஆங்கிலம் வராது என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிப் போகத் தேவையில்லை. அரசாங்க நிதி பெறும் வைத்தியசாலைகளும் கிளினிக்குகளும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். நேரம் குறிக்கும்போதே 'தமிழ்' என்று சொல்லிவிட்டால் தொலைபேசியிலாவது ஒருவரை ஒழுங்கு செய்வார்கள்.